சூரியநெல்லி ஜீப்: ஏறுவது எஞ்சின் வேலை, இறங்குவது டிரைவர் வேலை!

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால், அங்கே வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும். போடிநாயக்கனூர் பக்கமிருந்து நேராக ஏறுவதற்குக் குரங்கணி வழியாக நடைபாதை மட்டும்தான் உண்டு. 2018 மார்ச்சில் மலையேற்றம் வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்களே, அந்தப் பக்கம்தான்.

அதனால் சுற்றித்தான் போக வேண்டும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல், கடைசியில் சூரியநெல்லி. 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடியும் ரயில் ஓடுவதால், சென்னைக்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் பாதி அலைச்சல் மிச்சம். சூரியநெல்லி வரைக்கும் எந்தக் காரும் போகும். அதற்கு மேலே உள்ள சுமார் 12 கிலோமீட்டர்தான் விஷயம்.

கொஞ்ச தூரம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒழுங்காகப் போகும் பாதை, பிறகு பாதை என்று சொல்வதற்கே யோசிக்க வைக்கும். உருண்டைக் கற்கள், மழைநீர் அரித்த பள்ளங்கள், ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. இந்த 12 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியநெல்லியில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர். சூரிய உதயத்துக்கு முன்னால் மேலே போய்விட வேண்டும் என்பதால் முழுப் பயணமும் இருட்டில்தான். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் மலை முழுக்க ஹெட்லைட் வெளிச்சம் ஊர்ந்து போவது, கீழேயிருந்து பார்த்தால் கார்த்திகைக்கு விளக்கு வைத்ததுபோலத் தெரியும்.

அங்கே ஓடும் வண்டிகளைப் பார்த்தால், விளம்பரத்தில் மின்னும் எஸ்யூவிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கும். பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர், எம்எம் 540. கதவுக்குப் பதில் தார்ப்பாய், ஏ.சி. கிடையாது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் செய்த ராணுவ ஜீப்பின் பேரன்கள் இவை. போர் முடிந்த கையோடு, 1940-களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு அதில் டீசல் எஞ்சின் வந்தது, நீளம் கூடியது, பெயர்கள் மாறின. அடிப்படை மட்டும் மாறவில்லை: ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அவற்றின் மேல் ஸ்பிரிங் பட்டைகள்.

அடிப்படை மாறாததுதான் சூரியநெல்லிக்குச் சௌகரியம். உடைந்தால் உள்ளூரிலேயே சரிசெய்துவிடலாம். கம்ப்யூட்டர் வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஸ்பேனரும், ஜாக்கியும், நல்ல காதும் போதும்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் வழக்கமான கியர் கம்பியோடு இன்னொரு லீவரும் இருக்கும். உள்ளூர்ப் பேச்சில் ‘ஃபோர் வீல் போடுறது’ என்றால் இதைத் தொடுவது. சாதாரணமாக வண்டி பின்சக்கரங்களின் சக்தியில் மட்டுமே ஓடும். லீவரைப் போட்டால் முன்சக்கரங்களுக்கும் சக்தி போகும். அதிலேயே இன்னொரு நிலை உண்டு: லோ. அதில் போட்டால் வண்டியின் வேகம் ஏறக்குறைய பாதிக்கும் கீழே இறங்கும். சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை இரண்டு, இரண்டரை மடங்காகும். லோவில் முதல் கியர் போட்டால், கூட நடந்து வருகிறவர் ஜீப்பை முந்திவிடலாம். அந்த வேகம்தான் இங்கே தேவை.

புதிதாக வருகிறவர்கள் ஜீப் ஏறும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ‘அண்ணே, மெதுவா அண்ணே’ என்பார்கள். உண்மையில் அவர் மெதுவாகத்தான் போகிறார். குலுக்கல் வேகத்தால் வருவதில்லை, கல்லால் வருவது. அனுபவமுள்ளவர்கள் ஸ்டீயரிங்கை விரல்களால் மட்டும் பிடிப்பார்கள். கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே மடக்க மாட்டார்கள். முன்சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டீயரிங் சடாரென்று திருப்பி அடிக்கும். கட்டைவிரல் உள்ளே இருந்தால் போச்சு.

இன்னொரு விஷயம். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்றால் எங்கேயும் மாட்டாது என்று நினைக்கிறவர்கள் அதிகம். இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்கு மேல் தொங்கினால், சாதாரண ஜீப் அங்கேயே நின்று, தொங்கும் சக்கரங்களை மட்டும் விர்ரென்று சுற்றும். ஆக்ஸிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் குணம் அது. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே வேலையைக் கொடுத்துவிடும். அதனால்தான் கற்களைத் தவிர்ப்பதற்குப் பதில் சில இடங்களில் கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்றிப் போகிறார்கள். பயணிகளுக்கு இது வேண்டுமென்றே குலுக்குவதுபோல இருக்கும். உண்மையில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபடி இருக்க அவர் தேடும் வழி அது.

மேலே போனதும் 7,000 அடிக்கு மேல் குளிர் முகத்தில் அறையும். சமவெளியைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் கறுப்புப் புகை கக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். டீசலை எரிக்கப் போதுமான காற்று கிடைப்பதில்லை. நேரம் வாய்த்தால் தமிழ்நாட்டுப் பக்கம் முழுக்க மேகம் பாலாகப் பரந்து கிடக்கும், அதன் விளிம்பிலிருந்து சூரியன் எழும். வாய்க்காவிட்டால் வெறும் பனிமூட்டம். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். பார்த்த பிறகு, ஆங்கிலேயர் காலத்து இயந்திரங்கள் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு டீ. உதயத்தைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது என்பதால் இங்கே இவ்வளவு போதும்.

இறங்குவதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

ஏறும்போது தப்பு நடந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது தப்பு நடந்தால் வண்டி நிற்காது. ஆறு பேரும் ஓட்டுநரும் உள்ளே இருக்க, ஒன்றரை டன்னைத் தாண்டும் இரும்பு, ஈரமான கற்களின் மேல் கீழ்நோக்கிப் போகிறது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகும், லைனர் பிடிப்பை இழக்கும். சூடு எல்லை மீறினால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழ்விடும். அப்போது பெடல் காலடியில் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது.

அதனால், இறக்கத்தின் தலையிலேயே ஜீப்பை நிறுத்தி, லோவில் முதல் கியரோ இரண்டாவதோ போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். பிறகு கிளட்ச் பக்கம் கால் போகக் கூடாது. எஞ்சின், தன் சுழற்சியின் எதிர்ப்பால், வண்டியைப் பின்னாலிருந்து கயிறு கட்டிப் பிடித்ததுபோல இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது அதற்கு ஒத்தாசை மட்டுமே. பயத்தில் கிளட்சை மிதித்தால் அந்தக் கயிறு அறுந்துவிடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது சமவெளியிலேயே தப்பு, இங்கே அது தற்கொலை.

சரிவில் குறுக்கே திரும்பவும் கூடாது. ஜீப் உயரமான, குறுகலான வண்டி; பக்கவாட்டில் சாய்ந்தால் சுலபமாகக் கவிழும். ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால், திருப்பப் பார்க்காமல் ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். இதைப் பகலில், காலி வண்டியில் பலமுறை பழகிய பிறகுதான் இருட்டில் ஆள் ஏற்ற வேண்டும். ஜீப்பில் ஏறும் குடும்பங்கள் ஓட்டுநரிடம் பாட்டுப் போடச் சொல்வதைவிட, ‘லோ போட்டாச்சா அண்ணே?’ என்று கேட்பது நல்லது. கோபித்துக்கொள்ள மாட்டார், விஷயம் தெரிந்தவர் என்று மரியாதைதான் கூடும்.

போகும் வழியில் இன்னொரு வகைப் பங்காளிகளும் உண்டு. சின்னக்கானல் சுற்றுவட்டாரம் யானைகளின் பூமி. அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்த ‘அரிக்கொம்பன்’ 2023 ஏப்ரலில் பிடிபட்டது இங்கேதான். பெரியாறில் விட்டார்கள். அது கம்பம் வரைக்கும் வந்து, ஜூனில் மறுபடி பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குப் போனது. அதிகாலை இருட்டில் முன்னால் போகும் ஜீப் திடீரென்று நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டி வைத்திருப்பவரின் கணக்குக்கு வருவோம். இங்கே ஜீப் என்பது வீட்டுக்கு அரிசி போடும் மாடு மாதிரி. சுற்றுலாப் பருவத்தில் தினமும் சவாரி. அடைமழை பிடித்தால் பாதை சேறாகி, வருமானமும் படுத்துவிடும். வாங்கிய கடனின் தவணைக்கு மழை வெயில் தெரியாது. எட்டு வயது தாண்டிய வாடகை வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும், காப்பீடு வேறு. இவற்றோடு, மலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியைத் தின்கிறது. ஸ்பிரிங் பட்டை ஒன்று முறியும், யூ போல்ட் தளரும், டயரின் பக்கச்சுவரைக் கல் கிழிக்கும், கிளட்ச் பிளேட் தேயும்.

அதனால் இங்கே பராமரிப்பு என்பது இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் விடுவதல்ல. கம்பெனிக் கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னால், அது தார்ச்சாலைக்காரனுக்கு. நாளும் 24 கிலோமீட்டர் கல்லில் ஏறி இறங்கும் ஜீப்புக்கு அந்த மீட்டர் பொய் சொல்லும். சுழலும் தண்டுகளை இணைக்கும் யூ.ஜே. கிராஸ்களுக்கும், ஸ்பிரிங் ஷேக்கிள்களுக்கும் அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் போய் வந்தால், ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் உள்ளே கியர் பற்கள் போகும். அதற்கு ஆகும் செலவில் பல தடவை ஆயில் மாற்றலாம்.

சமவெளியில் ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு. முதலில், உயரமாக இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் அல்ல. நம் ஊர்ச் சாலையில் எஸ்யூவி என்ற பெயரில் ஓடுவதில் பெரும்பாலானவை இரண்டு சக்கரச் சக்தியில் ஓடும் கார்கள்தான். தார் வண்டியிலேயேகூட 2023-லிருந்து பின்சக்கர டிரைவ் மட்டும் உள்ள மாடல் வருகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், அந்த இரண்டாவது லீவர் இருக்கிறதா, போட்டால் விழுகிறதா என்று மண் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குனிந்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில் சட்டம் துருவேறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்!

லீவர் உள்ள வண்டியை வைத்துக்கொண்டு அதைத் தொடாமலே இருப்பதும் கெடுதல். மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் உள்ளே ஆயில் பரவி, பாகங்கள் இறுகாமல் இருக்கும். ஆனால், காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். ஜீப் வகை வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். மண்ணில் சக்கரம் சறுக்கிச் சமாளித்துவிடும். தாரில் சறுக்க முடியாமல் அந்த இறுக்கம் முழுவதும் கியர்களின் மேல் விழும். நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று மாட்டினால் நேர்ச்சாலையிலேயே இந்த இழுபறி தொடங்கிவிடும்.

புது வண்டியை எடுத்துக்கொண்டு சூரியநெல்லி வரும் இளைஞர்களுக்கு, தாங்களே மேலே ஓட்டிப் போக ஆசையிருக்கும். கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்பில் ஏறுவதுதான் வழக்கம். அது வருமானத்துக்காக மட்டும் வந்த ஏற்பாடு என்று முகம் சுளிப்பவர்கள், ஒரே ஒரு ஜீப் போகும் அகலத்தில் எதிரே இன்னொரு ஜீப் வரும்போது யார் எவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும், எந்தத் திருப்பத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது என்பதை இந்த ஓட்டுநர்கள் பேச்சே இல்லாமல், ஹெட்லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டே முடித்துவிடுவதைப் பார்க்க வேண்டும்.

காலையில் ஜீப்புகள் ஒவ்வொன்றாகச் சூரியநெல்லிக்குத் திரும்பும். பயணிகள் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இட்லிக்கடை தேடிப் போவார்கள். ஓட்டுநர் உடனே போக மாட்டார். வண்டியைச் சுற்றி வந்து, நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். நான்கும் ஒரே மாதிரி சுட்டால் டீ குடிக்கப் போகலாம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போகப் போகிறது. அன்றைக்கு இரண்டாவது சவாரி கிடையாது.