தாத்தா டீயும் ரஷ்ய நட்பும்!

எங்க ஊர் இத்தலார். ஊட்டி பக்கம், எங்கே திரும்பினாலும் டீ தோட்டம். எங்க தாத்தாகிட்ட வெளியுறவுக் கொள்கை பத்திக் கேட்டுப் பாருங்க... பசுந்தேயிலை விலையில இருந்துதான் ஆரம்பிப்பார்!

1971. பாகிஸ்தானுக்கு அமெரிக்காவும் சீனாவும் துணை. நாம ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம் போட்டோம். டிசம்பர் போரில் அமெரிக்கா 'எண்டர்பிரைஸ்' கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்ப, சோவியத் போர்க்கப்பல்கள் பின்னாலேயே வந்தன. 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரண்! அன்றைய ராணுவத் தளபதி மானெக்‌ஷா, ரிட்டயர் ஆனதும் செட்டிலானது நம்ம குன்னூரில்தான்.

அதே சோவியத்தான் இந்திய டீக்கும் பெரிய கஸ்டமர். 1991-ல் அது சிதறியதும் ராணுவத்துக்கு உதிரி பாகம் கிடைக்கிறது கஷ்டமாச்சு; டீ ஆர்டரும் குறைஞ்சது. தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலையும் சரிய, எங்கப்பா காலேஜைப் பாதியில் விட்டார். ஒரே நண்பனை நம்பினதுக்கு எங்க வீடு கட்டின ஃபீஸ் அது!

இன்னிக்கு இந்தியா ரஷ்யாகிட்ட எஸ்-400 வாங்குது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோட 'குவாட்'லயும் இருக்கு. தாத்தாவும் இப்ப ரெண்டு ஃபேக்டரிக்கு இலை போடுறார்.

"ரெண்டு பேருமே நம்மளை சொந்த ஆளா நினைக்க மாட்டாங்களே தாத்தா?"ன்னு கேட்டேன்.

"ஆமா. அதனாலதான் நம்ம தோட்டத்துக்கு ராத்திரி காவல் நாமளே போகணும்"னார்.

நீங்க என்ன சொல்றீங்க?