லேபிளைப் பார்க்காதீங்க... நூலைப் பாருங்க!

'மாஸ்டர்ஸ் படிக்க யு.கே. போறேன்'னு சொல்லிப் பாருங்க. சுத்தி இருக்கறவங்க கேக்கற முதல் கேள்வி, 'லண்டனா?' ரெண்டாவது கேள்வி, 'ரேங்க் என்ன?' மூணாவது கேள்வி, 'முடிச்சிட்டு அங்கேயே இருந்துடலாமா?'

யாருமே கேக்காத நாலாவது கேள்வி ஒண்ணு இருக்கு ஃப்ரெண்ட்ஸ்... 'அங்கே உனக்கு என்ன சொல்லித் தருவாங்க?'

இந்த நாலாவது கேள்வியை முதல் கேள்வியா மாத்தினதாலதான் என் கதை இன்னிக்கு சொல்ற மாதிரி இருக்கு.

நான் படிச்சது சிவில் இன்ஜினீயரிங். மேல படிக்க ஆசைப்பட்டது, போக்குவரத்துத் திட்டமிடல். குமாரபாளையத்துல எட்டுத் தறி ஓடுற வீடு எங்களுது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க்ல பொதுவா சொத்துப் பத்திரம் கேப்பாங்க. எங்ககிட்ட இருந்த ஒரே பத்திரம், தறி ஓடுற அந்த வீட்டோடதுதான். ஆக, நான் எந்த யுனிவர்சிட்டியைத் தேர்ந்தெடுக்கறேங்கறது என் ஒருத்தியோட விஷயம் இல்லை. எங்க வீட்டுக் கூரையோட விஷயம்!

2021-ல அப்பாவும் நானும் சென்னையில ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். 'ஃப்ரீ கவுன்சலிங்'னு போர்டு. பதினைஞ்சே நிமிஷத்துல மூணு காலேஜ் பேரை நீட்டினார் அந்த அண்ணன். மூணும் லண்டன். மூணும் மேனேஜ்மென்ட். "டிரான்ஸ்போர்ட் எல்லாம் எதுக்கு மேடம்? லண்டன்ல மேனேஜ்மென்ட் பண்ணுங்க. அப்புறம் ரெண்டு வருஷம் விசா. போட்ட காசை எடுத்துடலாம்!"

அங்கே வாயே திறக்காத அப்பா, ஊருக்குத் திரும்பற பஸ்ல மெதுவா ஆரம்பிச்சார். "ஏன் அம்மிணி, நாம நூல் வாங்கறப்ப மூட்டை மேல ஒட்டியிருக்கற லேபிளைப் பாத்தா வாங்கறோம்? ஒரு கோனை எடுத்து, நூலை இழுத்துப் பாத்து, முறுக்கு நிக்குதான்னு பாத்துட்டுத்தானே காசு குடுக்கறோம்? அந்தத் தம்பி லேபிளையே காட்டிட்டு இருக்குது. நூலைக் காட்டவே மாட்டேங்குதே!"

அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரியே நோட்டை எடுத்து உக்காந்துட்டேன். அந்த நோட்டுல சேர்ந்ததும், அதுக்கப்புறம் மாறினதும்தான் இனி நீங்க படிக்கப் போறது.

ஃப்ரீ... ஆனா ஃப்ரீ இல்லை!

முதல்ல கன்சல்டன்சி. நம்மகிட்ட காசு வாங்காம அவங்க எப்படி ஆபீஸ் நடத்தறாங்க? நாம சேர்ந்தா, யுனிவர்சிட்டி அவங்களுக்கு கமிஷன் கொடுக்குது. இது ஒண்ணும் திருட்டுத்தனம் இல்லை, அங்கே வழக்கமான ஏற்பாடுதான். ஆனா, கமிஷன் தராத காலேஜ் பேரை அவங்க ஏன் முதல்ல சொல்லப் போறாங்க? 'நீங்க எந்தெந்த யுனிவர்சிட்டிக்கு ஏஜென்ட்?'னு நேராவே கேளுங்க. ஃபார்ம் நிரப்ப உதவி வேணும்னா வாங்கிக்கலாம். முடிவை மட்டும் கடன் வாங்காதீங்க. மாஸ்டர்ஸ் படிப்புக்குப் பெரும்பாலும் யுனிவர்சிட்டி வெப்சைட்டுலயே நேரடியா அப்ளை பண்ண முடியும்.

பேருக்குள்ள என்ன ஊர்?

பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. வாரிக் யுனிவர்சிட்டி இருக்கறது வாரிக் ஊர்ல இல்லை, கோவென்ட்ரியில! ராயல் ஹாலோவே, லண்டன் யுனிவர்சிட்டியோட உறுப்பு. ஆனா அதோட மெயின் கேம்பஸ் லண்டனுக்கு வெளியே சர்ரேயில, எகாம்ங்கற சின்ன ஊர்ல. ஆக்ஸ்ஃபோர்டும் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸும் ஒரே ஊர்தான், ஆனா வேற வேற யுனிவர்சிட்டி. அதே சமயம், வேற ஊர்ல இருக்கற சில யுனிவர்சிட்டிகள் லண்டன்ல கிளை கேம்பஸ் நடத்துது. ஆஃபர் லெட்டர்ல யுனிவர்சிட்டி பேர் மட்டும் பத்தாது, எந்த கேம்பஸ்னும் பாருங்க.

'ரஸ்ஸல் குரூப்பா?'னு ஒரு கேள்வியும் வரும். 1994-ல ஆரம்பிச்ச அது, ஆராய்ச்சியில பெரிய 24 யுனிவர்சிட்டிகளோட சங்கம். அரசாங்கம் குத்தற ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது. ஸ்காட்லாந்தோட மிகப் பழைய யுனிவர்சிட்டியான செயின்ட் ஆண்ட்ரூஸ் அதுல இல்லை. பாத் இல்லை, லாஃப்பரோ இல்லை. இவங்களை எல்லாம் மட்டம்னு யாராவது சொல்ல முடியுமா?

ரேங்க் யாருக்கு?

க்யூ.எஸ். மாதிரியான பட்டியல்கள் ஒட்டுமொத்த யுனிவர்சிட்டியை எடை போடுது. அதுல பெரிய பங்கு, உலகம் முழுக்கப் பேராசிரியர்கள்கிட்ட கருத்துக் கேட்டு எடுக்கற 'நற்பெயர்' மதிப்பெண். 2023 வரைக்கும் வந்த பட்டியல்கள்ல அதுக்கு மட்டுமே 40 சதவிகிதம், 2024-க்கான பட்டியல்லதான் 30 ஆச்சு. உங்க கிளாஸ்ல யார் பாடம் எடுக்கப் போறாங்கன்னு அந்த நம்பர் சொல்லாது.

டிபார்ட்மென்ட்டைப் பாருங்க, கதையே மாறும். ஒட்டுமொத்தப் பட்டியல்ல முதல் நூறுக்குள்ள வராத சஸ்ஸெக்ஸ், வளர்ச்சியியல் படிப்புக்கான உலகப் பட்டியல்ல பல வருஷம் முதலிடம். பிரிஸ்டல்ல இருக்கற பெரிய ரோபோ ஆய்வுக்கூடத்தை, பேர் பெத்த பிரிஸ்டல் யுனிவர்சிட்டியும் அதிகம் பேருக்குத் தெரியாத வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்துது. ரயில்வே ஆராய்ச்சின்னா பர்மிங்காம். கிரான்ஃபீல்டு முக்கியமா முதுநிலைப் படிப்புக்கான யுனிவர்சிட்டி. ஆனா விமானத் துறைக்காரங்களுக்கு அது எவ்வளவு பெரிய பேர் தெரியுமா? கேம்பஸோட சொந்த ஏர்போர்ட்டே இருக்கு!

என் விஷயத்துல அது லீட்ஸ். போக்குவரத்துக்குன்னே தனி ஆய்வு நிறுவனம் இருக்கற யுனிவர்சிட்டி. 2022 செப்டம்பர்ல அங்கே போய் இறங்கினா... அந்த ஊர்ல மெட்ரோவும் இல்லை, டிராமும் இல்லை! பழைய டிராமை 1959-ல மூடிட்டாங்க. 'சூப்பர்டிராம்' திட்டம் 2005-ல ரத்து. டிராலிபஸ் திட்டம் 2016-ல ரத்து. 'ஏன் நடக்கல?'ங்கறதுதான் எங்க கிளாஸ்ல ஓயாத விவாதம். ஊரே எங்களுக்கு லேப். லண்டன்ல சுரங்க ரயில்ல சொகுசாப் போயிருந்தா இந்தக் கேள்வி எனக்குத் தோணியே இருக்காது.

யார் பதில் எழுதறாங்க?

நூலை இழுத்துப் பாக்கறது எப்படி? ரொம்ப சிம்பிள். அங்கே ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னா 180 கிரெடிட். அதுல பெரும்பாலும் 60 கிரெடிட் ஆய்வறிக்கைக்குப் போயிடும். மிச்சம் 120-ல எது கட்டாயம், எது விருப்பப் பாடம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. 'விருப்பப் பாடங்கள் மாறலாம்'னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அதைச் சும்மா தாண்டிப் போயிடாதீங்க. 2024, 2025-ல பணநெருக்கடியால அங்கே பல யுனிவர்சிட்டிகள் ஆட்குறைப்பு பண்ணியிருக்கு, சில படிப்புகளையே மூடியிருக்கு.

அடுத்தது, கோர்ஸ் பொறுப்பாளருக்கு ஒரு மெயில். நான் நாலு இடத்துக்கு எழுதினேன். கேட்டது மூணே கேள்வி. 'இந்தப் பாடம் அடுத்த வருஷம் உறுதியா இருக்குமா? ஆய்வறிக்கைக்கு வெளி நிறுவனங்களோட டேட்டா கிடைக்குமா? போன வருஷம் முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்க?' ரெண்டு இடத்துலேர்ந்து பதிலே வரல. ஒரு இடத்துலேர்ந்து விளம்பர பிரௌஷர் வந்துச்சு. லீட்ஸ்லேர்ந்து மூணு கேள்விக்கும் தனித்தனியா பதில் வந்துச்சு. அன்னிக்கே மனசு முடிவு பண்ணிடுச்சு.

இது ஒண்ணும் புது டெக்னிக் இல்லை. நம்ம ராமானுஜன் பண்ணினதுதானே! சென்னை துறைமுகத்துல கிளார்க்கா இருந்துக்கிட்டு, கேம்பிரிட்ஜ் கணித மேதைகள் சிலருக்கு எழுதினார். அவரோட கணக்கை உக்காந்து படிச்சுப் பதில் போட்டவர் ஹார்டி. 1913 ஜனவரியில போன அந்தக் கடிதம்தான் 1914-ல அவரைக் கப்பல் ஏத்துச்சு. மாநிலக் கல்லூரியில படிச்ச சந்திரசேகர் 1930-ல கேம்பிரிட்ஜ் போனதும் ஃபவுலர்ங்கற ஆசிரியர்கிட்ட ஆராய்ச்சி பண்ணத்தான். கட்டடத்தை நம்பிப் போகல, ஆளை நம்பிப் போனாங்க.

பவுண்டு கணக்கு

கட்டணம் பாடத்தைப் பொறுத்து எக்கச்சக்கமா மாறும். சுமார் 15 ஆயிரம் பவுண்டுல ஆரம்பிச்சு, பெரிய பிசினஸ் படிப்புகள்ல 50 ஆயிரத்தையும் தாண்டும். ஆனா, கட்டணத்தை மட்டும் பார்த்தா கணக்கு உதைக்கும். விசாவுக்கு நீங்க கையில காட்ட வேண்டிய மாசச் செலவு, 2025 நவம்பர் விதிப்படி லண்டனுக்கு 1,529 பவுண்டு, மத்த ஊருக்கு 1,171. ஒன்பது மாசத்துக்குப் பெருக்கினா 13,761, 10,539. வித்தியாசம் 3,222 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய்னு வெச்சாக்கூட மூணு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்! வெறும் ஊர் பேருக்கு!

சேமிப்புப் பணத்தைக் காட்டறீங்கன்னா அது 28 நாள் தொடர்ந்து அக்கவுன்ட்ல நிக்கணும். மருத்துவக் கட்டணம் 2024 பிப்ரவரியிலேர்ந்து மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு. விசா காலம் படிப்பைவிட நாலு மாசம் கூட இருக்கறதால, ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கே 1,164 பவுண்டு ஆயிடும். விசா கட்டணம் தனி. 'பார்ட் டைம்ல சமாளிச்சுக்கலாம்'னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. வகுப்பு நடக்கற காலத்துல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அது சாப்பாட்டுக்கு உதவும், ஃபீஸ் கட்ட உதவாது.

ஸ்காலர்ஷிப்பை மறந்துடாதீங்க. வேலை அனுபவம் இருக்கறவங்களுக்கு செவனிங். அது தவிர காமன்வெல்த், ஃபெலிக்ஸ், இன்லாக்ஸ்னு இருக்கு. பல சமயம் சேர்க்கைக்கு முன்னாடியே ஸ்காலர்ஷிப்புக்கான கடைசித் தேதி முடிஞ்சிடும். அதனால நோட்டுல முதல் பக்கத்துல எழுத வேண்டியது அந்தத் தேதிகளைத்தான்.

விசா வரும்... போகும்!

'படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் இருக்கலாம்'ங்கறதுதான் பெரிய தூண்டில். கொஞ்சம் வரலாறு பாருங்க. படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012-ல மூடினாங்க. 2021 ஜூலையில 'கிராஜுவேட் ரூட்'னு திறந்தாங்க. 2024 ஜனவரியிலேர்ந்து சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக முடியாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கறவங்களுக்கு அந்த ரெண்டு வருஷம், 18 மாசமாக் குறையுது. முனைவர் பட்டக்காரங்களுக்கு மட்டும் மூணு வருஷம். திறன் வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரல்ல 26,200 பவுண்டுலேர்ந்து 38,700-க்கு எகிறுச்சு. 2025 ஜூலையில 41,700. புதுசா படிச்சு முடிச்சவங்களுக்குச் சலுகை உண்டு. அதுவே 33,400!

இந்த மாற்றத்துல பாதி, நான் அங்கே இருந்தப்பவே நடந்துச்சு. கான்ட்ராக்ட்ல ஒரு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன். ஸ்பான்சர் பண்ற வேலை அமையல. 2025 ஆரம்பத்துல ஊர் திரும்பிட்டேன். மேனேஜ்மென்ட் படிக்க வந்த என் ரூம்மேட்டும் அதே மாசம்தான் திரும்பினா. விசா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா பஸ் ரூட்டை எப்படித் திருத்தறது, நடைபாதையில எத்தனை பேர் நடக்கறாங்கன்னு எப்படிக் கணக்கெடுக்கறதுன்னு என் கையில ஒரு தொழில் இருந்துச்சு. மூணாவது வாரம் சென்னையில வேலை. சம்பளம் லண்டன் கனவு அளவுக்கு இல்லை. ஆனா மாசா மாசம் பேங்க் தவணை போகுது. எட்டுத் தறியும் ஓடுது.

ஊருக்கு வந்தா செல்லுமா?

2022 ஜூலையில இந்தியாவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தப்படி அங்கத்திய ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு இங்கே அங்கீகாரம் உண்டு. ஆனா இன்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம், ஆர்க்கிடெக்சர் மாதிரியான தொழிற்படிப்புகள் அதுல வரல. அரசு வேலையோ கல்லூரி ஆசிரியர் வேலையோ மனசுல இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடியே இதை விசாரிங்க.

ப்ளஸ் டூ தம்பி, தங்கைகளுக்கு...

இளநிலைக்குப் பெரும்பாலும் 'யூகாஸ்' வழியாத்தான் அப்ளை பண்ணணும். அஞ்சு சாய்ஸ் தருவாங்க. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுல ஒண்ணுக்குத்தான் ஒரே வருஷத்துல போட முடியும். அந்த ரெண்டுக்கும் மருத்துவத்துக்கும் கடைசித் தேதி முந்தின வருஷம் அக்டோபர் 15. 2026 சேர்க்கையிலேர்ந்து நீளக் கட்டுரைக்குப் பதிலா மூணு கேள்விக்குப் பதில் எழுதணும். முதல் கேள்வியே, 'இந்தப் பாடத்தை ஏன் படிக்க ஆசைப்படறே?'ங்கற மாதிரிதான். இங்கிலாந்துல பெரும்பாலும் மூணு வருஷம், ஸ்காட்லாந்துல நாலு. அந்த ஒரு வருஷச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சரி, இன்னிக்கு என்ன பண்ணலாம்? ஒரு நோட்டை எடுங்க. உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு கோர்ஸோட பாடப் பட்டியலைக் கையால எழுதுங்க. எழுதும்போதே தெரிஞ்சிடும், எதுல கை நிக்குது, எதுல தூக்கம் வருதுன்னு. தூக்கம் வர்றதை அடிச்சிட்டு, மிச்சம் இருக்கறவங்களுக்கு ஒரு மெயில் தட்டுங்க. யார் பதில் போடறாங்கன்னு பாருங்க. அதுக்கப்புறம் பேங்க்குக்குப் போகலாம்!