எட்டுப் பேர், அஞ்சு ஜாக்கெட்

கேரளாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆச்சு. ஏலூரில் வீடு. உத்யோகமண்டல் என்றால் இன்னும் சுலபமாகத் தெரியும். 1947-லிருந்து ஃபாக்ட் உரம் தயாரிக்கிற இடம். சுற்றிலும் பெரியாறு, நடுவில் ஃபாக்டரி, அதற்கு நடுவில் நாங்கள். பேங்க் வேலையில் ஊர் பார்க்க எங்கே நேரம்? யாராவது ஊரிலிருந்து வந்தால்தான் நாமும் பார்ப்போம்.

சரஸ்வதி பூஜை லீவுக்கு அம்மா வந்திருந்தார்கள். கூடவே மச்சினன், அவன் மனைவி, நாலு வயசுப் பொண்ணு. எங்கள் ஊர் கம்பம் பக்கம். அம்மா வயக்காட்டிலேயே வளர்ந்தவர்கள். "பக்கத்துல ஓடுறது பெரியாறு" என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நம்ம பெரியாறாய்யா?"

அதேதான். 1895-ல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணையிலிருந்துதான் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர். கம்பம் பக்கம் வீட்டுக்கு வீடு பென்னிகுவிக் படம் இருக்கும். அந்த ஆறு மேற்கே இறங்கி, கடலுக்குப் போகிற கடைசிப் பகுதியில் என் வீட்டை ஒட்டிப் போகிறது. "அப்ப அதுல ஒரு தடவ போகணும்" என்றார்கள். அவ்வளவுதான், ப்ளான் ரெடி.

வாட்டர் மெட்ரோ போகலாம் என்றாள் மகள். 2024-ல் ஏலூருக்கும் வந்துவிட்டது. சொகுசான படகு, 100 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஆனால் மச்சினனுக்குத் தனிப் படகுதான் வேண்டும், நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஆபீஸில் ஒருவர் மூலமாக மோட்டார் படகு ஒன்று ஏற்பாடாயிற்று. வராப்புழை வழியாகக் கடமக்குடி தீவுகள் வரை போய், மத்தியானத்துக்குள் திரும்பி வருவது. துலாம் மாத மழை இங்கே மூணு மணிக்கு மேல் இடியோடு வரும், அதனால் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

படகின் பக்கத்தில் 10 பேர் என்று எழுதியிருந்தது. நாங்கள் எட்டுப் பேர், ஓட்டுபவர் ஒருவர். அது சரி. லைஃப் ஜாக்கெட்டை எண்ணினேன். சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தது அஞ்சு. அதிலும் ஒன்றுக்குக் கொக்கி இல்லை.

"பாக்கி?" என்றேன்.

"குழப்பமில்லா சாரே. இவிடெ ஆழம் ஒண்ணும் இல்லா" என்று சிரித்தார்.

"எல்லாருக்கும் இருந்தாத்தான் ஏறுவோம்" என்றேன். மச்சினன் காதருகே வந்து, "என்ன மாமா, கரை அங்கன தெரியுது, இதுக்குப் போயி..." என்றான். தங்கமணி எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை! வெயிலில் குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. தரமுடியாது என்று தெரிந்த லோனுக்கு மேனேஜர் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அப்படி நின்றேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் ஆலப்புழை போயிருந்தோம். இதே மாதிரி சின்னப் படகு. ஒருத்தர் உடம்பிலும் ஜாக்கெட் கிடையாது. மகனைப் படகு விளிம்பில் உட்கார வைத்து நானே போட்டோ எடுத்தேன், ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அஞ்சு மாதம் கழித்து, 2023 மே 7-ம் தேதி ராத்திரி, தானூரில் படகு கவிழ்ந்த செய்தி. 22 பேர். நிறையக் குழந்தைகள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி, இருட்டிய பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே செல்போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். படகுக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விளிம்பில் உட்கார வைத்தது அப்பன். போட்டோவை அழித்துவிட்டேன். தங்கமணிக்கே இதுவரை சொன்னதில்லை.

இந்தப் பெரியாற்றிலேயே எத்தனை பார்த்தாயிற்று! 2007 பிப்ரவரி 20, தட்டேக்காடு. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர். 2009 செப்டம்பர் 30, தேக்கடி. 45 பேர். தேக்கடி எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரம்தான். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. கரையில் மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகப் போனார்கள், படகு சாய்ந்துவிட்டது என்றார்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் அதே ஏரி அது.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்துத் துறையிலிருந்து நாலு ஜாக்கெட் வாங்கி வந்தார், அதில் ஒன்று குழந்தைக்குப் பொருந்துகிற அளவு. கொக்கி இல்லாததை ஒதுக்கிவிட்டால் கணக்கு எட்டு. புடவைக்கு மேல் மாட்டிவிட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூட்டை கட்டி விட்டியேய்யா என்னைய!"

படகு கிளம்பியதும் மச்சினனின் கோபமும் இறங்கிவிட்டது. வராப்புழை தாண்டியதும் காற்றே மாறியது. சீனவலைகள், தென்னை, அப்புறம் கடமக்குடியின் பொக்காளி வயல். உப்புத் தண்ணீரிலும் வளர்கிற நெல். கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள், அப்புறம் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள் என்று படகுக்காரர் சொன்னார். அம்மா நம்பவேயில்லை. "உப்புத் தண்ணியில நெல்லா? உரம் என்ன போடுவாக?" ஒன்றும் போடுவதில்லை என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உர ஃபாக்டரி ஊரில் குடியிருப்பது என் தப்பா?

திரும்பும்போதுதான் அது நடந்தது. மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்து, சட்டென்று இறங்கி மீனைத் தூக்கியது. அம்மா, "கருடன்! கருடன்! கும்பிட்டுக்கங்க!" என்று எழுந்தார்கள். கூடவே மச்சினன் மொபைலோடு, தங்கமணி, மகள், மகன் எல்லோரும் இடது பக்கம். படகு ஒரு சாய் சாய்ந்து, தண்ணீர் உள்ளே தெறித்தது.

"எல்லாவரும் இரிக்கு!" படகுக்காரர் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தோம். ரெண்டு விநாடிதான், படகு நேராகிவிட்டது. அந்த ரெண்டு விநாடியில் என் கை மகனின் ஜாக்கெட் பட்டையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது. மச்சினன் குழந்தையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டான். கரை வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏலூர் நெருங்கியதும் அம்மா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார்கள். தலையில் தெளிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. "அம்மச்சி, வேண்டா. ஈ வெள்ளம் நல்லதல்ல" என்றார் படகுக்காரர். 2024 மே மாதம் இங்கே பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததை நான் சொன்னேன். அம்மா கையை மெதுவாகச் சாய்த்து ஆற்றிலேயே விட்டார்கள். "அங்க சாமியா வச்சிருக்கோம்" என்று மட்டும் சொன்னார்கள்.

கரை இறங்கியதும் மச்சினன் வந்து, "ஜாக்கெட்டுக்காரருக்கு நான் காசு கொடுத்துடுறேன் மாமா" என்றான். அவன் வழக்கப்படி அது பெரிய மன்னிப்பு. அன்று ராத்திரி ஆலப்புழை போட்டோ விஷயத்தைத் தங்கமணியிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும், என் போன்லயும்தான இருந்துச்சு, நானும் அழிச்சிட்டேன்" என்றாள்.

எங்கள் பேங்கில் கவுண்டரை விட்டு நகரும் முன் பணத்தை எண்ணிக்கொள்ளச் சொல்வோம். அப்புறம் வந்து கேட்டால் பதில் இல்லை. படகும் அப்படித்தாங்க. பெரிய படகில் எண்ணுவதற்கு ஆள் இருக்கிறார்கள். சின்னப் படகில் நாமதான் எண்ணணும். கூச்சப்படாதீங்க.