வைரம்

வைரம் பாய்ந்த கட்டை என்று மனிதனைப் புகழ்கிறோம். கூடுவாஞ்சேரியில் என் வீட்டு நிலைவாசலுக்குத் தேக்கு இழைத்த ஆசாரி அந்த வைரத்தால்தான் அவதிப்பட்டார். கண்ணிமை தடித்திருந்தது. முழங்கை மடிப்பு, லுங்கி இறுகும் இடுப்பு, வேர்வை தங்கும் இடமெல்லாம் சொறிந்த தழும்பு. "பலா ஒண்ணும் பண்றதில்லே சார். தேக்குதான் ஒத்துக்கலே. முப்பது வருஷமாத் தொட்ட மரம்."

முப்பது வருஷம் விசித்திரமில்லை. ஒவ்வாமை முதல் ஸ்பரிசத்தில் வருவதில்லை. உடம்பு ஒரு பொருளைப் பகையென்று தீர்மானிக்க வாரங்களாகலாம், வருஷங்களாகலாம். தீர்மானித்தபின் ஒரு சிட்டிகைத் தூள் போதும்.

தேக்கின் வைரத்தில் டிஆக்ஸிலபாகால் என்றொரு குவினோன் இருக்கிறது, ஈட்டியில் டால்பர்ஜியோன்கள். தேக்கைக் கரையான் அண்டாததற்கு அந்தக் குவினோனும் ஒரு காரணம். நாம் கூடுதல் விலை கொடுப்பது இந்தக் குணத்துக்குத்தான். கரையானென்றும் ஆசாரியென்றும் மரம் பேதம் பார்ப்பதில்லை.

இழைப்புளி சுருள் சுருளாகத் தள்ளும். சுருள் மூச்சில் ஏறாது. உப்புத்தாள் மெஷின் மாவாக்குகிறது. மாவு மூச்சுக்குழாய்வரை போகும், முகத்தில் கட்டிய துண்டையும் மீறி. சிலருக்கு இளைப்பு வேலைநேரத்தில் வராது, இரவில் வரும். பழி பனியின்மேல் விழும். 1995இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளிலேயே சேர்த்துவிட்டது.

பஞ்சுத் தூசு நோய்க்கு பிஸினோசிஸ் என்ற பெயரும், 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் இடமும் கிடைத்தன. மில்லில் சங்கம் இருந்தது, மஸ்டர் ரோல் இருந்தது. வீடு வீடாகப் போய் இழைக்கிறவருக்கு ஏது? அரித்தால் லீவு, லீவென்றால் கூலியில்லை.