காதை விட்டுக் கட்டு

வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனை 'ஈ ஓட்டிட்டிருக்கான்' என்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு நான் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டேன். ஈ கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். உலகத்தில் லட்சக்கணக்கான பேர் இதைச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளை டையிங் என்று பெயர். தூண்டில் முள்ளில் இறகு, ரோமம், நூல் எல்லாம் சுற்றி, ஒரு பூச்சி போலவே பொய்ப்பூச்சி செய்வது. ஓடும் தண்ணீரில் அதை வீசினால், ட்ரவுட் என்கிற மீன் நிஜப்பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும். புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. நம்பிக்கை மோசடிதான், ஆனால் ரொம்ப நாசூக்கான மோசடி.

சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். மாசிடோனியாவில் ஒரு ஆற்றில் மீன்கள் ஒரு வகைப் பூச்சியை விரும்பித் தின்னுமாம். அந்தப் பூச்சியைப் பிடித்து முள்ளில் குத்தலாம் என்றால், மனுஷன் கை பட்டதுமே நிறம் போய்விடுமாம். அதனால் ஊர்க்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, மெழுகு நிறத்தில் இரண்டு சேவல் இறகை வைத்துக் கட்டினார்களாம். அன்றைக்கும் நூல், இறகு, முள். இன்றைக்கும் அதேதான்.

ட்ரவுட் நம் ஊர் மீன் இல்லை. ஊட்டிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு, யூகலிப்டஸ் வரிசையில் மீனும் வரட்டும் என்று நினைத்தார்கள். ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1863-ல் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். ரெயின்போ ட்ரவுட் இங்கே நிலைத்தது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையே வந்தது. அதன் பூர்விகம் அமெரிக்காவின் பசிபிக் கரையோரம். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு அவஸ்தை. நீலகிரியின் உச்சி ஓடைகள் அதற்குப் பிடித்துப்போயின.

மீன் வந்தால் தூண்டில் வரும். தூண்டில் வந்தால் ஈ கட்டத் தெரிந்த கைகள் வேண்டும். அப்படி ஒரு ஜோடிக் கைகள் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தன.

அவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் ஃபிட்டர், எனக்கு ஃபிட்டர் தாத்தா. எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை கட்டுவதை ஓரமாக நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதாகச் சொல்வார். 1979-ல் எனக்குப் பதினேழு வயது. மழை நாளில் போக இடமில்லாமல் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஐந்து வருஷம் எழுந்திருக்கவில்லை.

முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி வைஸ். ஃபேக்டரிக் கழிவு இரும்பில் அவரே செய்தது. முடிச்சுப் போடுகிற கருவி சைக்கிள் ஸ்போக்கை வளைத்தது. இறகு கோழிக்கறிக் கடையில் இனாம். ரோமம் பக்கத்து வீட்டு முயலிடமிருந்து, அதற்கு வலிக்காமல். 'ஹேர்ஸ் இயர்' என்று ஒரு பிரசித்தமான ஈ உண்டு. முயல் காது. பேருக்கேற்றபடி காட்டு முயலின் முக ரோமத்தில் கட்டுவது. தாத்தா வீட்டு முயலிலேயே சமாளித்தார்.

கட்டுகிற முறையைச் சொல்கிறேன். நூலை முள்ளில் வைத்து அதன்மேலேயே சுற்றினால் தானாகக் கவ்விக்கொள்ளும். ஆரம்பத்தில் முடிச்சே கிடையாது. வாலுக்கு நாலைந்து இறகு இழை. பிறகு நூலில் கொஞ்சம் ரோமத்தை வைத்து, விளக்குத் திரி திரிப்பது போல ஒரே பக்கமாகத் திரிக்க வேண்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரித்தால் கழன்றுவிடும். அந்தத் திரிதான் பூச்சியின் உடம்பு. மேலே மெல்லிய கம்பி. கழுத்தில் ஒரு சேவல் இறகைச் சுற்றினால் இழைகள் விரிந்து கால்களாகிவிடும். கடைசியில் நூலாலேயே சின்னத் தலை, முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ்.

இதில் புதிதாகக் கட்டுகிற எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். உற்சாகத்தில் உடம்பை நீளமாகக் கட்டிக்கொண்டே போய், முள்ளின் காதுவரை வந்துவிடுவார்கள். ஊசிக்குப் போலவே முள்ளுக்கும் ஒரு முனையில் காது உண்டு, தூண்டில் நரம்பைக் கோர்க்க. இடம் விடாமல் வந்துவிட்டால் தலை கட்ட முடியாது. கட்டினாலும் காது அடைபட்டுவிடும். எவ்வளவு அழகான ஈயாக இருந்தாலும் நரம்பு நுழையாவிட்டால் குப்பைதான்.

தாத்தா திட்டமாட்டார். ஈயை வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பார். பாதி பிளேடை எடுத்து, நான் ஒரு மணி நேரம் கட்டியதை ஒரே இழுப்பில் சிரைத்துவிட்டு, வெறும் முள்ளைத் திருப்பித் தருவார்.

"காதை விட்டுக் கட்டு கண்ணு."

அவ்வளவுதான் பாடம்.

ஒருநாள் பழைய சிகரெட் டப்பாவிலிருந்து ஒரு இறகை எடுத்துக் காட்டினார். நம் மலைகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. நுனியில் எனாமல் சொட்டு வைத்தது போல மஞ்சளாக ஒரு பளபளப்பு. இங்கிலாந்தில் சால்மன் மீனுக்கான ஈ கட்டுகிறவர்கள் இதற்காக உயிரை விடுவார்கள். உயிரை விட்டது என்னவோ நம் காட்டுக்கோழி. 1972-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு அதைத் தொடக்கூடாது. "துரை விட்டுட்டுப் போனது, பாத்துக்கோ" என்றார். டப்பாவை மூடிவிட்டு, நாட்டுச்சேவல் இறகு நுனியில் பேத்தியின் நெயில்பாலிஷை ஒரு சொட்டு வைத்தார். "மீனுக்கு வித்தியாசம் தெரியாது. காட்டுக்கோழிக்குத் தெரியும்."

1984-ல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அந்தக் குட்டி வைஸை என் கையில் கொடுத்தார். "ஒரு டஜன் கட்டி அனுப்பு" என்றார். அனுப்புகிறேன் என்றேன்.

மேன்ஷன் வாழ்க்கை, வேலை, கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். உங்களுக்குத் தெரியாததா? 1986-ல் ஒரு தபால் கார்டு வந்தது. 'ஈ கட்டுறியா கண்ணு? டஜன் வரவில்லையே.' ஞாயிற்றுக்கிழமை பதில் போடலாம் என்று எடுத்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. 1991-ல் அம்மாவின் கடிதத்தில் கடைசி வரியாக, 'ஃபிட்டர் போய்விட்டார்' என்று இருந்தது. டப்பா பரணுக்குப் போனது.

இறக்கியது 2023-ல்தான். அதுவும் ஆசையால் இல்லை. பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. மனைவி ஸ்பூன் எடுத்துக் கொடுத்த அன்று எனக்கு அழுகை வந்தது. சீக்கிரமே வேலை கொடுக்காவிட்டால் விறைப்பு இப்படியே தங்கிவிடலாம் என்றார் டாக்டர். பிசியோதெரபிஸ்ட் ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து, "அழுத்துங்க சார்" என்றார். நாலு நாள் அழுத்தினேன். பந்தை அழுத்துவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. ஐந்தாம் நாள் பரணில் இருந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

திறந்தால், பாச்சை உருண்டை எப்போதோ கரைந்துபோய், இறகுகளை அந்து தின்று தீர்த்திருந்தது. முட்கள் துரு. வைஸ் மட்டும் அப்படியே இருந்தது. அடியில் அந்தத் தபால் கார்டு.

புது முள் வாங்கினேன். நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். இளமையில் 14-ம் நம்பரில் கட்டியவன் என்ற திமிரில் அதையே வாங்கினேன். வைஸில் வைத்துக் குனிந்தால் முள்ளே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டேன். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி. தெரிந்தது, ஆனால் விரல் மடங்கவில்லை. நூல் அறுந்தது. மறுபடி சுற்றினேன். மறுபடி அறுந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்பது சுலபம். எவ்வளவு மோசமாகச் செய்தாலும் நேற்றைவிடப் பரவாயில்லை. விட்டதைத் திரும்பப் பிடிப்பதுதான் கொடுமை. முன்னால் எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்பது நமக்குத் தெரியும். என் மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அறுபத்தொரு வயதுக்காரன். இன்னொருவன் இருபது வயதுப் பையன். பையன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"ஏங்க, இங்க கூவத்துல எந்த மீன் இதைக் கடிக்கப் போகுது?" என்றாள் மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. நாலாவது தடவை நூல் அறுந்தபோது, தலை நிமிராமலே சொன்னாள்: "இவ்வளவு இறுக்கினா அறுந்துதான் போகும். பூ கட்டறப்ப இறுக்கினா காம்பு அறுந்துடும், விட்டா பூ உதிர்ந்துடும். நூலைக் கேட்டுக் கேட்டு இழுக்கணும்."

எனக்கு வழக்கப்படி கோபம்தான் வந்தது. இவளுக்கு என்ன தெரியும்? பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், விரலில் ஒரு வளையம், ஒரு சின்ன இழுப்பு. பேசிக்கொண்டே, டி.வி. பார்த்துக்கொண்டே. கல்யாணமானதிலிருந்து என் வீட்டில் ஒரு ஃபிட்டர் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு 14-ஐ ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய முள்ளை எடுத்தேன், 8-ம் நம்பர். நூலுக்குப் பதில் தாமிரக் கம்பி. இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் என்று ஒருவர் ஆற்றுக் காவலராக இருந்தார். பெசன்ட் பறவையின் வால் இறகையும் தாமிரக் கம்பியையும் மட்டும் வைத்து, நூலே இல்லாமல் ஒரு ஈ கட்டினார். உலகம் முழுக்க இன்றும் கட்டுகிறார்கள். கம்பிக்கு ஒரு நல்ல குணம், கையை எடுத்தாலும் பிரியாது. விறைத்த விரலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேட்டேன். ஒரு துண்டுக் கம்பி சும்மாவே கொடுத்தார்கள். பெசன்டுக்குப் பதில் வான்கோழி இறகு.

மூன்று வாரம், தினம் ஒரு மணி நேரம். முதல் ஈயை முடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடம்பு சுமார். வால் கோணல். காது? அடைத்துக்கொண்டிருந்தது. பதினேழு வயதில் செய்த அதே தப்பு.

பிளேடை எடுத்தேன். ஒரே இழுப்பு. வெறும் முள். ஆச்சரியமாக இருந்தது, வருத்தமே இல்லை. திருப்பித் தர ஆள் இல்லாததால் நானே வாங்கிக்கொண்டேன்.

பிளேடில் போனது பதினொன்று. பன்னிரண்டாவதில் காதுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் இடம் இருந்தது. தாத்தா சொன்னது முள்ளைப் பற்றித்தான். அவர் தத்துவம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் நாம் எல்லோரும் செய்வது இதுதானே? உடம்பு நிறையக் கட்டிக்கொண்டே போகிறோம். வேலை, வீடு, பதவி. காதுவரை வந்துவிடுகிறோம். அப்புறம் யாராவது கார்டு போட்டு 'ஈ கட்டுறியா' என்று கேட்டால் உள்ளே நுழைய இடம் இருப்பதில்லை.

ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், பட்டன் எல்லாம் போட்டிருந்தது. யார் போட்டது என்று ஒரு நொடி யோசித்தேன். நான்தான்.

இப்போது 12-ம் நம்பர்வரை இறங்கியிருக்கிறேன். 14 வருமா தெரியாது, வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, பிளேடுக்குத் தப்பிய ஈக்களைச் சேர்க்கிறேன். எட்டு இருக்கின்றன. இன்னும் நாலு பாக்கி. அனுப்ப விலாசம் இல்லைதான். ஆனாலும் டஜன் என்று சொன்னால் டஜன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. "காபி ஆறுது, எத்தனை தடவை கூப்பிடறது? காது கேக்குதா இல்லையா?"

கேட்கிறது. போய்விட்டு வருகிறேன்.