ஓரத்துக் கேள்விக்குறிகள்

என் அண்ணன் மகனுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடுவான். கூலி கிடையாது. அவனை அழைத்தவர்களும் கிடையாது.

ஓப்பன் சோர்ஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கம்ப்யூட்டருக்காக எழுதியதைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே திறந்து வைத்துவிடுகிறார்கள். யாரும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். இவன் அதைக்கூடத் தானாகப் படிப்பதில்லை. வேறொரு நிரலிடம் கொடுத்துவிடுகிறான். அது, கொடுத்ததை ஓட்டிப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்து, 'இங்கே சந்தேகம், அங்கே சந்தேகம்' என்று சொல்லுகிறது. ஸ்டாடிக் அனாலிசிஸ் என்று பெயராம். 1970-களில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டீபன் ஜான்சன் இப்படி ஒன்றைச் செய்து 'லின்ட்' என்று பெயர் வைத்தார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறுக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர்.

"அர்த்தம் தெரியாத யந்திரம் என்னடா பிழை கண்டுபிடிக்கும்?" என்றேன்.

"அர்த்தம் தெரியாததுதான் சித்தப்பா சௌகரியம்" என்றான்.

2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் கதையைச் சொன்னான். எதிரே இருக்கும் இணையதளம் அசல்தானா என்று ஐபோன் சோதிக்கும் இடத்தில், ஒரே வரி இரண்டு தடவை விழுந்திருந்தது. 'தவறு இருந்தால் வெளியேறு' என்பது முதல் வரி. இரண்டாவது, நிபந்தனையே இல்லாத 'வெளியேறு'. ஆகவே, தவறு ஒன்றுமில்லை என்ற பதிலோடு எப்போதும் வெளியேறிக்கொண்டே இருந்தது; கீழே இருந்த கையெழுத்துச் சோதனை நடக்கவேயில்லை. அந்த மூலம் ஊரார் பார்க்கத் திறந்துதான் கிடந்தது. ஆனால் இரண்டு வரியும் ஒரே மாதிரி உள்தள்ளி நின்றதால், மனிதக் கண் எழுதியவன் கருத்தைப் படித்துக்கொண்டு போய்விட்டது. யந்திரத்துக்குக் கருத்து ஏது? எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத வரிகளைக் காட்டு என்று சொல்லியிருந்தால் காட்டியிருக்கும்.

சர்வக்ஞன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருஷம் ஏப்ரலில் அம்பலமான ஹார்ட்பிளீட் பிழை இத்தகைய கருவிகளுக்கும் தப்பியிருந்ததுதான். ஆனாலும் இதன் பெரிய குற்றம் வேறு, அளவில்லாமல் சந்தேகப்படுகிறது. போன ஞாயிறு இவனுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சந்தேகங்கள் வந்தன. நிஜம் மூன்று.

"பாக்கி?"

"வெறும் பிசிறு. ஆனா பார்க்காம தள்ள முடியாதே, சித்தப்பா."

எனக்குச் சுருக்கென்றது. என் முந்திய நாவலுக்குப் பிரூஃப் பார்த்த பெரியவர், ஓரமெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். 'வெயிலா, வெய்யிலா?' 'இந்தக் கமா வேண்டுமா?' முப்பது பக்கத்தோடு பொறுமை போயிற்று. மிச்சத்தைப் பாராமலே, 'இருந்தபடி இருக்கட்டும்' என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழிதித் திருப்பிவிட்டேன். புத்தகம் வந்தது. நாலாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா, பதினோராம் அத்தியாயத்தில் வாசற்படியேறி வந்து காபி கேட்கிறார்! பிரூஃபைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் காபிக்கு நேரே சின்னதாக ஒரு கேள்விக்குறி.

பதிப்பாளர் பெரியவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். என் கையெழுத்து இருந்த தாளை அவர் எடுத்துக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

புதிய நாவலின் பிரூஃப் நேற்று வந்திருக்கிறது. அதே பெரியவர்தான். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முந்நூற்று இருபது பக்கம். மொத்தம் நாலே நாலு கேள்விக்குறி.