முடிந்தது என்று யார் சொல்வது?

"தங்கள் மனுவிற்குத் தீர்வு காணப்பட்டது" என்று ஒரு நாள் காலையில் என் கைப்பேசி சுபச் செய்தி சொல்லிற்று. விழுப்புரத்தில் என் வீட்டுத் திண்ணையில் அப்போது காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். சந்தோஷ மிகுதியால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மனை விவகாரம் தீர்ந்துவிட்டது!" என்று உள்ளே பார்த்துக் கூவினேன். என் மனைவி விவேகமுள்ளவள். "யாருக்குத் தீர்ந்தது? அவர்களுக்கா, நமக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியின் பொருள் இரண்டு நாள் கழித்தே எனக்கு விளங்கிற்று.

திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் என் தகப்பனார் வைத்துப்போன மனை ஒன்று உண்டு. 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்று பாமரரும் அறிந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, எழுதினவர் கை சற்றே சறுக்கித் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போயிற்று. ஓர் எழுத்துத்தானே என்று நாங்களும் வாளா இருந்துவிட்டோம். காகிதத்திலிருந்த பிழை பிற்பாடு வெகு பத்திரமாகக் கம்ப்யூட்டருக்குள்ளும் குடியேறிற்று. கடைசிப் பெண்ணின் கல்யாணச் செலவுக்காக மனையை விற்க முனைந்தபோது, வாங்க வந்தவர் பட்டாவைப் பார்த்து, "இது வேறு யாரோ ஆசாமியின் பெயரல்லவா?" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஆகவே, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தேன். அந்த மட்டில் நாங்கள் பாக்கியசாலிகள். தென்னாற்காடு ஜில்லா பிரிந்து 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி ஜில்லா ஆகும் வரையில், இப்பக்கத்து ஜனங்கள் கலெக்டரைக் காணக் கடலூருக்கு அல்லவா பஸ் ஏற வேண்டியிருந்தது?

கண்ட தீர்வு யாது என்று விசாரிக்கப் போனேன். போன கச்சேரி எது என்பது நேயர்களுக்கு வேண்டாம். "உங்கள் மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. ஆகவே இங்கே முடிந்துவிட்டது" என்றார்கள். உரிய அலுவலகத்துக்குப் போனேன். "முடிந்ததாகத்தானே காட்டுகிறது? இன்னும் என்ன?" என்றார்கள். தபாலைப் பெட்டியில் போட்டதும், அது வீட்டில் வந்து சேர்ந்ததும் ஒன்றே என்று கொண்டால், அவர்கள் சொன்னது முற்றிலும் சரி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ வெட்கம். ஏனெனில் முப்பது வருஷம் நானும் ஒரு சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன்.

நம் ஜில்லாக் கச்சேரிகளில் காகிதங்களை நடத்தும் முறைக்கு, டாட்டன்ஹாம் என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் வழங்கி வந்தது. வந்த காகிதம் ஒவ்வொன்றையும் குமாஸ்தா தன் பதிவேட்டில் ஏற்றி, முடிந்தபின் இன்ன வகையில் முடிந்தது என்று குறிக்க வேண்டும். 'ஆர். டிஸ்.' என்றால் என்றென்றும் காக்க வேண்டியது. 'டி. டிஸ்.' என்றால் பத்து ஆண்டுக்குப் பின் அழிக்கத் தக்கது. 'என். டிஸ்.' என்றால் வந்த காகிதத்தையே திருப்பி அனுப்பிவிடுவது. ஒழுங்கான முறைதான், அதில் குற்றமில்லை. ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் காகிதத்தின் ஆயுளைச் சொல்லுகின்றனவே தவிர, அதை எழுதிக் கொடுத்தவரின் கண்ணீர் நின்றதா என்பதை ஒன்றேனும் சொல்லவில்லை. அப்படி ஒரு கலம் பதிவேட்டில் இல்லை. இல்லாததை நானும் தேடவில்லை. மாதக் கடைசியில் நிலுவை குறைந்தால் மேலதிகாரி முகம் மலரும்; அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

1990-இல் நான் திண்டிவனத்தில் வேலை பார்த்தபோது ஒரு கிழவி முதியோர் உதவித் தொகை கேட்டு மனுக் கொடுத்தாள். 1962 முதல் நம் ராஜ்யத்தில் நடந்துவரும் உதவி அது. அவள் தந்த விவரங்கள் போதவில்லை. விசாரித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். நானோ, 'உரிய அலுவலரை உரிய ஆதாரங்களுடன் அணுகவும்' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்தேன்.

பத்து நாள் கழித்து அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. முந்தானை முடிச்சிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டி, "சாமி, சர்க்கார்லேருந்து பதில் வந்துடுச்சு. எந்தத் தேதியிலே பணம் வரும்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

நான் எழுதிய வரியை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை முன்போலவே மடித்து முடிந்துகொண்டு போனாள். அப்புறம் வரவேயில்லை. என் பதிவேட்டின்படி அவள் குறை தீர்ந்துவிட்டது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் எல்லோரும் அறிவோம். ஆராய்ச்சி மணியின் ஓசை அடங்கியதனால் அந்தப் பசுவின் வழக்கு முடியவில்லை. அரசன் தீர்ப்புச் சொன்னதனால்கூட முடியவில்லை. கன்று எழுந்து நின்றபோதுதான் முடிந்தது. குறை யாருடையதோ, அது தீர்ந்தது என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. மத்திய சர்க்காரின் குறைதீர்ப்பு ஏற்பாட்டில், மனு முடிந்தபின் மனுதாரரைக் கூப்பிட்டுத் திருப்திதானா என்று கேட்கும் வழக்கம் 2022-இல் ஏற்பட்டது. திருப்தி இல்லையென்றால் அப்பீலும் உண்டு. நல்ல காரியம். அந்தக் கேள்விக்கு யந்திரமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். ஒரு குமாஸ்தா தலை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

நான் மறுபடியும் மனுக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்குப் பின் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். புதிதாக வேலைக்கு வந்தவள் என்று குரலிலேயே தெரிந்தது. "ஐயா, உங்கள் தகப்பனார் பெயரைத் திருத்தியாயிற்று. நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் முடித்துக்கொள்ளலாமா?" என்றாள்.

முப்பது வருஷத்தில் நான் ஒருவரிடமும் கேட்டறியாத கேள்வி அது. சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டாவைத் திரையில் வரவழைத்து, என் மனைவியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தகப்பனார் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"சரியாக இருக்கிறது. முடித்துக்கொள், அம்மா" என்றேன்.